பின் ஆக்சிலை எண்ணின விதம்

ஏண்டா, உனக்கு வேற சோலியே இல்லையா? ஓட்டை ஜீப்பு ஒண்ணை வாங்கியாந்து வாசல்ல கல்லு மேல ஏத்தி வச்சுக்கிட்டு, "அப்பாயி, தாத்தா பண்ணை வண்டிக்கு ஆக்சில் மாத்துனாராமே, எப்படி மாத்துனாரு"ன்னு நச்சரிக்கிற. நான் என்ன பட்டறையா வச்சிருந்தேன்? மூணாவதுக்கு மேல பள்ளிக்கூடத்து வாசப்படி ஏறாதவ. தெரிஞ்சு என்ன பண்ணப் போற? அந்த ஆக்சிலால உங்க தாத்தாவப் போலீஸ்ல புடிச்சுக் குடுக்க இருந்தாங்க. இப்ப போதுமா? போதாதுன்னு மூஞ்சி சொல்லுது. சரி, உக்காரு. கையில உள்ள கிரீஸை என் புடவையில தொடைக்காத.

கழகம் ஆட்சிக்கு வந்து கொஞ்ச வருஷம் ஆயிருந்துச்சு. கீழ்வேளூர் பக்கம் எங்க பாத்தாலும் கூலிச் சண்டை, குத்தகைச் சண்டை. நில உச்சவரம்பைக் கொறைக்கப் போறாங்கன்னு பயந்து எங்க பண்ணையார் செத்துப்போன பாட்டி பேருல எல்லாம் நிலம் எழுதி வச்சிருந்தாரு. அந்தப் பாட்டி உசுரோட இருந்தப்ப அவங்களுக்கு ஒரு நல்ல வெத்தலப்பொட்டி கூடக் கிடையாது. தாத்தா அந்தப் பண்ணைக்கு டிரைவர். நாங்க கொஞ்சம் நிலமும் பண்ணைகிட்டயே குத்தகைக்கு வச்சிருந்தோம். அதனால ரெண்டு பக்கமும் எங்களை நம்ப மாட்டாங்க. கூலியாளுங்க சங்கத்துக்காரங்க "பண்ணை ஆளு"ம்பாங்க. பண்ணையில "சங்கத்துக்கு ஒளவு சொல்றவன்"ம்பாங்க.

வண்டி பழைய பிக்கப்பு. முன்னாடி ரெண்டு பேரு உக்காரலாம், பின்னாடி தொறந்த தொட்டி. சேத்துல மாட்டுனா சின்ன கியர் ஒண்ணைப் போட்டா நாலு சக்கரமும் இழுக்கும். அறுப்புக்கு முன்னாடி வயக்கரையில இழுத்தப்ப பின் ஆக்சில் பல்லு ஒடைஞ்சு போச்சு. தஞ்சாவூர்ல பழைய இரும்புக் கடையில தேடி வேற ஆக்சில் ஒண்ணு கொண்டாந்தாங்க.

தாத்தா அதை உடனே மாட்டல. "முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே கணக்குல சுத்தணும். இல்லேன்னா முன்னாடி ஒரு வேகத்துல இழுக்கும், பின்னாடி ஒரு வேகத்துல தள்ளும். சேத்துல வழுக்கிக்கிட்டுத் தாங்கிடும். தார் ரோட்டுல, முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்குற நடுப்பொட்டி ஒடைஞ்சிடும்"னாரு. நான் சொன்னேன், "மாமியாளும் மருமவளும் மாதிரின்னு சொல்லுங்களேன்." சிரிக்கல அவரு. வண்டி விஷயத்துல சிரிக்க மாட்டாரு.

எப்படிப் பாக்குறதுன்னு கேளு. என்ஜின்லேர்ந்து வர்ற ராடைக் கழட்டிட்டு, ரெண்டு சக்கரத்தையும் தூக்கி வச்சு, சக்கரத்துல ஒரு சுண்ணாம்புக் கோடு போடணும். ரெண்டு பக்கமும் ஆளு நின்னு ஒண்ணா சுத்தணும். சக்கரம் பத்து சுத்து சுத்துறதுக்குள்ள ராடு மாட்டுற மூக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணணும். ஒருத்தர் சக்கரத்தை எண்ணணும், ஒருத்தர் மூக்கை எண்ணணும். முன் ஆக்சிலுக்கு நான் சக்கரத்தை எண்ணுனேன், தாத்தா மூக்கை எண்ணுனாரு. அம்பத்தி நாலுக்குக் கொஞ்சம் கொறைவா நின்னுச்சு.

பின் ஆக்சில் முறை வந்தப்ப காரியக்காரர் வந்துட்டாரு. பண்ணையில ஆளுங்கள வேலை வாங்குறதும், களத்துல குத்தகை நெல்லு அளக்குறதும் அவருதான். "பொம்பள எண்ணியா வண்டி ஓடப்போவுது? தள்ளு புள்ள"ன்னு என்னை வெரட்டிட்டு, களத்துல கூவுற மாதிரியே "லாபம்"னு ராகமா ஆரம்பிச்சாரு. நான் அடுப்பைப் பாக்கப் போயிட்டேன். தாத்தாவுக்கு மூக்கு மேலதான் கண்ணு. மறுபடியும் அம்பத்தி நாலுக்குக் கொஞ்சம் கொறைவு. "ரெண்டும் ஒண்ணுதான்"னு மாட்டிட்டாரு. சேத்துல ஓட்டிப் பாத்தாரு, நல்லா போச்சு.

அந்த வருஷம் கூலி பத்தலைன்னு எங்க ஆளுங்க அறுவாளைத் தொடல. பண்ணையார் வெளியூர் ஆளுங்களைக் கூட்டியாரச் சொன்னாரு. வழியில ரோட்டை வெட்டி வச்சிருப்பாங்கன்னு காரியக்காரருக்கு பயம். தாத்தா பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "சின்ன கியரை எடுக்காத, எங்க பள்ளம் இருக்கோ"ன்னு சொல்லிக்கிட்டே வந்திருக்காரு. தார் ரோடு ஏறி கொஞ்ச தூரத்துல வண்டி முயல் மாதிரி குதிச்சுதாம். அப்புறம் ஒரு சத்தம். நடுப்பொட்டி ரெண்டாப் பொளந்து எண்ணெய் ரோடெல்லாம் ஓடிச்சு.

ஆளுங்க வரல. மறுநாள் மழை புடிச்சுக்கிச்சு. கதிரு சாஞ்சு தண்ணியில கெடந்துச்சு.

"சங்கத்துக்காக வேணும்னே ஒடைச்சான்"னாரு காரியக்காரர். தாத்தாவ அடிச்சு வண்டிக் கொட்டகையில, தூண்ல கயித்தால கட்டிப் போட்டுட்டாங்க. போலீசுக்கு ஆளு போயிருந்துச்சு. அப்பல்லாம் அந்தப் பேர்ல உள்ள போனவன் நடந்து திரும்புனதை நான் பாத்ததில்ல. பக்கத்துத் தெருவுல ஒருத்தர் திரும்பி வந்தாரு, அதுக்கப்புறம் சோத்தைப் பெசைய அவருக்குக் கை மடங்கல. உங்கப்பன் அப்ப என் இடுப்புல.

கஞ்சி கொண்டு போனப்ப தாத்தா ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "ரெண்டும் ஒரே எண்ணிக்கைதான் புள்ள. எப்படி ஒடைஞ்சுதுன்னு எனக்கே தெரியல." அவரு கண்ணுல அடிபட்ட வலியை விட அதுதான் பெருசா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தேன். புள்ளைக்கு ஏதாவது வேணுமே, நெல்லு குத்தலாம்னு மரக்காலை எடுத்து அளந்தேன். நம்ம பக்கம் அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். மொத மரக்காலுக்கு "லாபம்", அடுத்தது "ரெண்டு". லாபம்னேன், கொட்டுனேன். ரெண்டுன்னேன். மரக்கால் கையிலயே நின்னுடுச்சு. காரியக்காரர் அன்னிக்கு லாபத்துக்கு அப்புறம் என்ன சொன்னாரு? களத்துல வருஷா வருஷம் என்ன சொல்றாரு? அவர் அளக்கும்போது குத்தகைக்காரங்க நாங்க கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். காதுல விழும், மண்டையில ஏறாது.

நெல்லை அப்படியே போட்டுட்டு, புள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடுனேன்.

பண்ணையார் காலுல விழல. விழுந்தா பேச்சு வராது. "எசமான், போலீசு வர்றதுக்குள்ள அந்த ஆக்சிலை ஒருதரம் எண்ணிப் பாத்துடுங்க. தப்பிருந்தா நானும் சேந்து ஜெயிலுக்குப் போறேன்"னேன். அவரு எந்திரிச்சுக் கொட்டகைக்கு வந்தாரு. கயித்தை அவுக்கச் சொன்னாரு. கொட்டகையில நாங்க நாலே பேருதான். தாத்தா ஒரு பக்கச் சக்கரம், நான் ஒரு பக்கம், மூக்கை எண்ண பண்ணையார்.

காரியக்காரர்கிட்ட சொன்னேன், "ஐயா, எனக்கு எண்ணத் தெரியாது. நீங்கதான் எண்ணணும். களத்துல கணீர்னு எண்ணுவீங்களே, அதே மாதிரி எண்ணுங்க. கேட்டு ரொம்ப நாளாச்சு." மனுசனுக்குக் குளுந்து போச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"லாபம்." கோடு ஒருதரம் மேல வந்துச்சு. நான் தரையில சுண்ணாம்பால ஒரு கீத்து போட்டேன்.

"ஒண்ணு." இன்னொரு கீத்து.

"ரெண்டு." இன்னொண்ணு.

தாத்தா கை சக்கரத்துல நின்னுடுச்சு. நான் கண்ணைக் காட்டுனேன், சுத்துனாரு. காரியக்காரருக்கு அவரு ராகம்தான் பெருசு, பத்து வரைக்கும் வந்தாரு. பண்ணையார் "அம்பத்தி நாலுக்குக் கொஞ்சம் கொறைவு, சரியாத்தானே இருக்கு"ன்னு நிமிந்தாரு. நான் தரையைக் காமிச்சேன். அவரு விரலை வச்சு எண்ணுனாரு. பதினொரு கீத்து.

மறுபடி அவரே எண்ணி, பத்து சுத்துச் சுத்தச் சொன்னாரு. மூக்கு நாப்பத்தொம்போதைக் கூடத் தொடல.

பண்ணையார் காரியக்காரரைப் பாத்தாரு. களத்துல இப்படி எண்ணுறது பண்ணையாருக்கு முன்னாடியே தெரியுமா, அன்னிக்குத்தான் தெரிஞ்சுதா, எனக்கு இன்னிவரைக்கும் புரியல. காரியக்காரர் மேல்துண்டு கீழ விழுந்துச்சு, அதை எடுக்கக்கூட இல்ல.

"உன் புருஷனைக் கூட்டிக்கிட்டுப் போ"ன்னாரு பண்ணையார். "போலீசுக்கு நான் சொல்லிக்கிறேன். ஆனா களத்து விஷயம் உன் வாயிலேர்ந்து வெளில வரக்கூடாது. வந்துச்சுன்னா நிலமும் இல்ல, இவனும் இல்ல. உன் புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணுனேன். பண்ணாம? தாத்தா மணிக்கட்டு ரெண்டும் கயிறு அறுத்து ரத்தம் கட்டியிருந்துச்சு. வாய்க்கால் பக்கம் வந்ததும் உக்காந்து அழுதாரு. அடி வாங்குனதுக்கு இல்ல. எங்க மாமனார் காலத்துலேர்ந்து, பத்துக்கு ஒரு மரக்கால் கூடன்னு, எத்தனை லாபம் அந்தக் களத்துல கொட்டிட்டு வந்திருக்கோம்னு. நான் பக்கத்துல நின்னேன், அவ்ளோதான். அந்த நேரத்துக்கு எனக்குக் கூட ஒரு கேலி வரல.

வீட்டு வாசல்ல தெருவே நின்னுச்சு. எல்லாம் அதே பண்ணையில குத்தகை வச்சிருக்கிற வீடுங்க. "எப்படி விட்டாங்க? என்னடி நடந்துச்சு? சொல்லுடி"ன்னு சுத்திக்கிட்டாளுங்க. நான் புள்ளையை வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டு, தண்ணி குடிச்சுட்டு, சொன்னேன்:

"களத்தைப் பத்தி நான் ஒண்ணும் பேச மாட்டேன்டி, புள்ள மேல சத்தியம். சக்கரத்தைப் பத்தி வேணா சொல்றேன். காரியக்காரர் லாபம்னாரு, ஒரு சுத்து சுத்துச்சு. அப்புறம் ரெண்டுன்னு சொல்லல, ஒண்ணுன்னாரு, இன்னொரு சுத்து. பத்துன்னு முடிச்சப்ப பதினொண்ணு சுத்தியிருந்துச்சு. வண்டி இரும்புடி, அதுக்கு எசமான் யாருன்னு தெரியாது. கணக்கு ஒதைச்சுது, ஒடைஞ்சு போச்சு. இவ்ளோதான் நடந்துச்சு. போங்க, அவங்கவங்க வீட்டுல போய் நல்லா யோசிங்க."