மழை வருமென்று நான் வாசித்த சீட்டு

அந்தத் தகர டப்பாவுக்குள் கையை விட்டதும் விரலில் முதலில் படுவது குளிர்ச்சிதான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், ஓட்டுக்கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் எங்கள் முதுகில் வேர்வை வழிந்துகொண்டிருக்கும், ஆனால் டீச்சரம்மா தண்ணீர்ப் பானையை ஒட்டியே வைத்திருந்த அந்தப் பழைய பிஸ்கட் டப்பா மட்டும் கிணற்றுக்குள் கிடந்து எடுத்ததுபோல் இருக்கும். மூடியைத் திறந்தால் என்றைக்கோ தீர்ந்துபோன பிஸ்கட்டின் வாசனையும் ஊதா மையின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறும். கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள், ஜெபம் முடிந்ததும், ஒவ்வொரு பிள்ளையும் வரிசையில் போய் அந்த டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அந்த வருசத்துக்கு அந்தப் பிள்ளைக்குச் சாமி சொல்லும் வாக்கு அதில் எழுதியிருக்கும். ‘வாக்குத்தத்தச் சீட்டு’ என்று டீச்சரம்மா சொல்வார்கள்; எங்கள் வாயில் அது ‘வாக்குச் சீட்டு’.

திருச்சுழி ரோட்டில் இருந்த அந்தக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்துக்கு ஊரில் ‘வேதக்காரப் பள்ளிக்கூடம்’ என்று பெயர். நாங்கள் வேதக்காரர்கள் இல்லை. என் அய்யாவும் ஆத்தாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள், எங்களுக்கென்று இருந்தது இரண்டு குறுக்கம் கரிசல் நிலம் மட்டும்தான். மதியச் சோறு போடுகிறார்கள், அடிக்க மாட்டார்கள் என்று என்னையும் என் தங்கச்சி பாக்கியத்தையும் அங்கே சேர்த்துவிட்டார்கள்.

இன்றைக்கு என்னைப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் நம்பும்படி இருக்காது. நாலு டிப்பர் லாரி ஓடுகிறது, இரண்டு ஜேசிபி நிற்கிறது, காரியாபட்டியில் மாட்டுத்தீவனக் கடை, அருப்புக்கோட்டையில் மாடி வீடு. மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்பில் இறங்கி என் பெயரைச் சொன்னால் போதும், யாராவது ஒருவன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து என் வாசலில் விட்டுவிடுவான். எவன் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் நான், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இத்தனை வருசமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

அஞ்சாம் வகுப்புக்குப் போனபோது எனக்கு வாசிக்கத் தெரியாது. ‘அ’னா ‘ஆ’வன்னா தெரியும், என் பெயரை வரைவேன், அவ்வளவுதான். ஆனால் ஞாபகம் என்றால் அப்படி ஒரு ஞாபகம். ஒருதடவை காதில் விழுந்தால் போதும், பாடம் முழுவதையும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, விரலை வரிமேல் நகர்த்திக்கொண்டு, பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்பி ஒப்பிப்பேன். டீச்சரம்மாவே ஏமாந்துபோனார்கள். இந்த வித்தையை ஒரே ஒரு ஆள்தான் கண்டுபிடித்திருந்தாள், மூன்றாம் வகுப்பு பாக்கியம். அவள் உப்புப் பொட்டலம் சுற்றிவந்த காகிதத்தைக்கூட விரித்துவைத்து வாசிப்பாள்.

நாலாம் வகுப்பு வரைக்கும் சீட்டை டீச்சரம்மாவே வாசித்துச் சொல்லிவிடுவார்கள். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் பெரிய பிள்ளைகள், அதனால் வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லாரையும் உட்காரவைத்துத் தாங்களே வாசித்துக்காட்ட வேண்டும் என்பது வழக்கம். அதற்கு முந்தின வருசம் எனக்கு வந்த சீட்டில் சாமி நோயை ஆற்றும் என்று இருந்ததாக டீச்சரம்மா சொல்லி, அதை நான் வீட்டில் வந்து சொல்லி, மூன்று மாதமாக ஆறாமல் கிடந்த அய்யாவின் கால்புண் அந்த வாரமே காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஆத்தாவுக்கு அந்தச் சீட்டின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அதற்கு அவள் சொன்ன காரணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

“நம்ம சாமி ஆளு மேல எறங்கித்தேன் சொல்லும். மறுநா கேட்டா, நான் எங்க சொன்னேம்பான் கோடாங்கி. இது அப்பிடியா, கையில எழுதியில்ல குடுக்குது.”

அந்த வருசச் சீட்டோடு நான் வீட்டுக்கு வந்தபோது ஆத்தா முகம் கழுவி, விளக்கை ஏற்றி, அய்யாவையும் இழுத்து உட்காரவைத்திருந்தாள். வழியெல்லாம் நான் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஊதா மையில் ஒரே எறும்பு வரிசை. ஒன்றும் பிடிபடவில்லை. பாக்கியத்திடம் கேட்டிருக்கலாம், ஒரு நிமிட வேலை. எட்டு வயசுப் பொட்டப்பிள்ளையிடம் போய் நான் கேட்பதா என்று வறட்டு வீம்பு. ஆகவே சீட்டை விரித்து, விரலை வைத்து, ஜெபத்தில் கேட்டுப் பழகிய ராகத்திலேயே எடுத்துவிட்டேன்: இந்த வருசம் உங்கள் காட்டுக்கு முன்னதாகவே மழை வரும், உங்கள் விதை வீணாகாது.

வேறு எதைச் சொல்வேன்? எங்கள் ஊரில் மூன்று வருசமாக எல்லாரும் பேசியது அது ஒன்றைத்தான். ஆத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்த பாக்கியம், “இதுல மழ...” என்று ஆரம்பித்தாள். பின்பக்கமாகக் கையை விட்டு அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் கத்தவில்லை, வாயை மூடிக்கொண்டாள். ஆத்தா அந்தச் சீட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு துண்டு மஞ்சள் துணியில் முடிந்து, விளக்குக்குமேல் விட்டத்தில் கட்டினாள்.

புரட்டாசி பிறந்தது. எங்கள் பக்கத்தில் மானாவாரிக்காரனுக்கு வருசத்தின் பெரிய கேள்வி அப்போதுதான் வரும். மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கலாம். மழை சரியாக இறங்கினால் பயிர் மற்றவர்களை முந்திவிடும். அரைகுறையாகத் தூறினால் முளைத்தது கருகிவிடும். இல்லையென்றால் நல்ல மழை விழட்டும் என்று பொறுத்திருந்து ஈரத்தில் விதைக்கலாம். எங்களிடம் இருந்தது ஒரு பானைக் குதிரைவாலி விதை. பசித்த நாளிலும் ஆத்தா தொடாமல், வேப்பிலை போட்டு வாய்கட்டி வைத்திருந்த விதை. அந்த வருசம் ஊரே பொறுத்திருந்தது, அய்யாவும் பொறுக்கத்தான் நினைத்தார்.

“ஊரே சும்மா கெடக்கு, நம்ம மட்டும் கொண்டுபோயி புழுதியில கொட்டவா?” என்றார்.

“ஊருக்கா எழுதிக் குடுத்துச்சு? நமக்குல்ல குடுத்துருக்கு,” என்றாள் ஆத்தா.

அய்யா விட்டத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, முடிச்சை அவிழ்த்துச் சீட்டை என் கையில் கொடுத்தார். “ஏலே, இன்னொருக்கா வாசி.”

முதல்முறை சொன்னது வீம்பில் சொன்னது, விளையாட்டுத்தனம் என்றுகூட மன்னித்துவிடலாம். இரண்டாம்முறை அப்படியில்லை. அந்த விதைப் பானை என் கண்ணெதிரே இருந்தது. அய்யாவின் முகமும் இருந்தது. வாசிக்கத் தெரியாது அய்யா என்று சொன்னால் இரண்டு அறை விழும், அதோடு போயிருக்கும். நான் ஒரு சொல் பிசகாமல் பழைய பொய்யையே வாசித்தேன். ஞாபகத்தில் நான் கெட்டிக்காரன் என்று சொன்னேன் அல்லவா.

விதைத்தோம். எட்டாம் நாள் ஒரு தூறல், முற்றத்துப் புழுதி அடங்குகிற அளவுக்குத்தான். காட்டில் நகக்கண் உயரத்துக்குப் பச்சை தலைகாட்டியது. ஆத்தா அதைப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அதன்பிறகு வானம் திரும்பிப் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து நாள் வெயிலில் எல்லாம் கருகி, மிச்சத்தை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஐப்பசியில் நல்ல மழை பிடித்து ஊரே ஈரத்தில் விதைத்தபோது எங்கள் பானை காலி. டீக்கடையில் ஒருவர் அய்யாவைப் பார்த்து, “என்ன மாமா, ஓங்க சாமி மழைய எந்த ஊரு அட்ரஸுக்கு அனுப்பிச்சு?” என்று கேட்க, கடையே சிரித்ததாம். அதற்குப் பிறகு அய்யா அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

ஆத்தாவுக்குச் சாமிமேல் கோபம் வரவில்லை. நம்மிடம்தான் ஏதோ குறை என்று நினைத்தாள். ஒருநாள் காலையில் மஞ்சள் துணி முடிச்சை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். வயிற்றுவலி என்றேன். அவள் கேட்கவில்லை. டீச்சரம்மா முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“டீச்சரம்மா, மழ வரும்னு போட்டுருந்துச்சு. வரல. நாங்க என்ன கொற வச்சோம்னு ஓங்க சாமிகிட்ட கேட்டுச் சொல்லுங்க. இதுக்கு மஞ்ச குங்குமம் வச்சது தப்பா?”

டீச்சரம்மா சீட்டைப் பிரித்து வாசித்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை இப்போது நினைவில்லை. அவசரப்படாமல் பொறுத்திருப்பவர்களுக்குச் சாமி துணையாக நிற்கும் என்பது அதன் சாரம். பொறுத்திரு என்றுதான் அந்தச் சீட்டில் இருந்தது.

“இதுல மழையப் பத்தி ஒண்ணும் இல்லையேம்மா. யாரு வாசிச்சா?” என்று கேட்டு டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார்கள்.

ஆத்தாவும் என்னைப் பார்த்தாள். பிறகு டீச்சரம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“அவன் சரியாத்தேன் வாசிச்சான் டீச்சரம்மா. எனக்குத்தேன் எழுத்து தெரியாதே, நானா மனசுக்குள்ள மழைனு வச்சுக்கிட்டேன்.”

திரும்பி நடந்து வரும்போது, பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும், “பாக்கியத்துக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்று தலையை ஆட்டினேன். அதற்குமேல் சாகிறவரைக்கும் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் அய்யா காத்திருந்தார். “என்ன சொன்னாக?” என்றார். உண்மையைச் சொன்னால் என் தோலை உரித்துவிடுவார் என்று ஆத்தாவுக்குத் தெரியும். எதற்கும் பொய் சொல்லி நான் பார்த்திராத ஆத்தா, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, “மழைனுதேன் போட்டுருக்காம். நமக்குக் குடுத்துவைக்கல,” என்றாள்.

அய்யா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “எழுதிக் குடுத்து ஏமாத்துற சாமிகிட்ட எம் பிள்ளைக இனிமே போக வேண்டாம்.”

ஆத்தாவால் வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பாக்கியம் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அழுதாள், ஆனால் அவளும் சொல்லவில்லை. எனக்கு? அதை எழுதத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இனி வாசிக்கச் சொல்ல ஆள் இல்லை என்று ஓடைக்கரையில் விழுந்து புரண்டேன்.

பாக்கியத்தைத் தீப்பெட்டி ஒட்ட உட்காரவைத்தார்கள். கட்டுக்கட்டாக வரும் லேபிளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் ஒட்டுவாள், எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான் என்றாலும். நான் லாரியில் கிளீனராக ஏறி, மைல்கல்லையும் பஸ் போர்டையும் பார்த்தே பத்தொன்பது வயசில் மூன்று மாதத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அய்யா கடைசிவரை அந்தச் சாமியை ‘எழுதி ஏமாத்துனவரு’ என்றே சொல்லிக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்தார். செய்யாத குற்றத்துக்கு அந்தச் சாமி இத்தனை வருசம் பழி சுமந்தது என்னால்.

இந்த வருசம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, பாக்கியத்தின் பேத்தி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் அருப்புக்கோட்டைக் கிறிஸ்தவப் பள்ளியில் என்னை மேடையில் உட்காரவைத்தார்கள். தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தவன் நான், கல்வெட்டில் என் பெயர் இருக்கிறது. மைக்கைக் கொடுத்ததும் இந்தக் கதையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். கடைசி வரிசையில் பாக்கியம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், அஞ்சாம் வகுப்பைக்கூட முடிக்காதவன் இன்றைக்கு எப்படி இருக்கிறேன் பாருங்கள் என்று வழக்கமான பேச்சைப் பேசி, கைதட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

திருச்சுழி ரோட்டு ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை, டீச்சரம்மா இல்லை, எங்கள் இரண்டு குறுக்கத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். பிஸ்கட் டப்பாவும் இல்லை. பள்ளிக்கூடப் படம் போட்ட பளபளப்பான அட்டையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வசனத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கூட்டம் முடிந்து நான் பாக்கியத்திடம் போனபோது, அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு பேத்தி ஓடிவந்து, “என்ன போட்டுருக்கு, வாசிங்க” என்று நீட்டினாள். பாக்கியம் அதை வாங்கி என் பக்கம் தள்ளினாள்.

“நீ வாசிண்ணே.”

வாசித்தேன். ஒரு எழுத்தை விடாமல், ஒரு எழுத்தைக் கூட்டாமல், விரலை வைத்து வாசித்தேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் அட்டையை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து தானே ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேத்தியிடம் கொடுத்தாள்.