பெட்டியில் ஆறிய முட்டை

தானா ராத்தா என்ற மலை ஊரில் ஓர் ஓட்டலில் காலைப் பசியாறல் நேரத்துக்கு முட்டை போடுவது என் வேலை. சுற்றுலா வந்தவர்கள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வெங்காயமா, காளானா என்று கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே ஆம்லெட்டைப் புரட்டி வைப்பேன். சில பிள்ளைகள் இரண்டாம் தடவையும் வந்து நிற்கும். "வீட்டுல தொடவே மாட்டான், அக்கா போட்டா தட்டக் காலி பண்ணிடுறான்" என்று ஒரு தாய் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. என் கையால் ஒரு முழு முட்டை தின்னாத பிள்ளை உலகத்திலேயே ஒன்றுதான். அதை நான்தான் பெற்று வைத்திருந்தேன்.

மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடப் பாவாடை இடுப்பில் நிற்க இரண்டு ஊக்கு குத்த வேண்டும். கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி அவளைத் தராசில் ஏற்றி இறக்கினார். புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்து என் பக்கம் திருப்பினார். ஆறு மாதமாக எடை ஏறவே இல்லை.

"தெனம் ஒரு முட்டையாவது குடுங்கம்மா. மூணு மாசம் பாப்போம். அப்பவும் ஏறலன்னா பெரியாஸ்பத்திரிக்கு எழுதிடுவேன். ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றார். பிறகு, "நீங்க எங்க வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

முட்டை போடுகிறேன் என்று சொல்ல நாக்குக் கூசியது. "ஓட்டல்ல" என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் ஒன்று. ஓட்டல் வேன் ஐந்து மணிக்கு வந்துவிடும். நான் நாலரைக்கே குசினியில் நின்று முட்டையைச் சமைத்து, ஆறிவிடக் கூடாதென்று பெட்டியில் போட்டு இறுக்கி மூடிவிட்டுப் போவேன். அவள் எழுந்து பசியாறுவது ஆறரைக்கு. மத்தியானம் திரும்பி வந்தால் பெட்டி அப்படியே இருக்கும்.

நான் விட்டேனா? தோசை மாவில் முட்டையைக் கலந்தேன். மீ நூடுல்ஸில் பொடியாக நறுக்கிப் போட்டேன். உருளைக்கிழங்கு உருண்டைக்குள் மஞ்சள் கருவை ஒளித்து வைத்தேன். மோப்ப நாய் மாதிரி கண்டுபிடித்தாள். கடைசியில், அதுவரை ஆசையாகத் தின்ற தோசையையும் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தாள். "இதுல என்ன போட்டீங்க?" என்று சாதாரணச் சோற்றைப் பார்த்துக் கேட்டாள். ஒரு வாரம் பெட்டி காலியாக இருந்தது. நானும் மனம் குளிர்ந்துபோனேன். சனிக்கிழமை மழைக்கோட்டைத் துவைக்க எடுத்தால், இரண்டு பையிலும் அழுகிய ஆம்லெட். அன்றைக்குத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்திவிட்டார்கள்.

என் கணவருக்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எட்டு மணிக்குத்தான் போவார். மகளைக் குளிக்க வைத்துப் பள்ளி வேனில் ஏற்றுவது அவர்தான். "நான் வேணா காலையில ஒன்னு போட்டுக் குடுக்கவா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார்.

"நீங்க சட்டியக் கருக்குனதெல்லாம் போதும்லா. முட்டை போடுறவ வீட்டுல நீங்க போடப் போறீங்களா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

லீவு நாளில் நானே போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஆறு நாள் முட்டையில் முங்கி எழுந்தவளுக்கு ஏழாம் நாள் அந்த வாடையே ஆகாது. என் லீவு நாளான செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் முட்டை உடைந்ததே இல்லை.

ஒருநாள் பஸ் நிறைய ஆள் வருகிறார்கள் என்று வேன் நாலரைக்கே வந்து ஹாரன் அடித்தது. ஒன்றும் சமைக்காமல் ஓடினேன். "ரொட்டியும் ஜாமும் குடுங்க" என்று கணவருக்குச் செய்தி அனுப்பினேன். மத்தியானம் வந்து பார்த்தால் தொட்டியில் ஒரு தட்டு கிடந்தது. ஓரத்தில் மஞ்சள் கருவும் கிச்சாப்புச் சாஸும் காய்ந்திருந்தன.

"யாரு தின்னது?"

"நான்தான்" என்றாள் மகள். "அப்பா போட்டாரு. ரெண்டு தின்னேன்."

"நான் போட்டா கொமட்டுது, அப்பா போட்டா இனிக்குதா?"

"சூடா இருந்துச்சும்மா. உங்களோடது பச்சத்தண்ணியாட்டம் இருக்கும். மூடியத் தொறந்தா தண்ணியா ஒழுகும்."

இந்த மலைக்குளிரில், மூடிய பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் வேர்த்து ஊறிய முட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஓட்டலில் அப்படி ஒன்று தட்டில் கிடந்தால் நானே எடுத்துக் கொட்டிவிடுவேன். இந்தப் பிள்ளைக்குச் சூடான முட்டை ஒன்றைக்கூட நான் போட்டுத் தந்ததில்லை.

புத்தி வந்ததா என்றால், இல்லை. மறுநாள் சீஸும் காளானும் போட்டு, பெட்டியைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டுப் போனேன். அவள் தொடவில்லை. அவர் போட்ட, ஓரம் கருகிய, உப்புக் கூடிய முட்டையை அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே தின்றிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் பெட்டி கட்டவில்லை. தினம் காலையில் அவர் போட்டார், அவள் தின்றாள். பிள்ளை தின்றால் போதும் என்றுதானே கிடந்து தவித்தேன்? தின்கிறாள் என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. சட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்று அவரோடு சண்டை போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, என் லீவு நாளில், அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். தராசு முள்ளைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸி சிரித்தார். ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. பெரியாஸ்பத்திரி வேண்டாம் என்றார்.

"நல்லா இருக்கேம்மா. முட்டை குடுக்குறீங்கதானே? யாரு சமைக்கிறது?"

"நான்தான்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கெட்டிக்கார அம்மா" என்று என் தோளைத் தட்டினார். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

வெளியே மழை தூறியது. பஸ் நிற்கும் இடம்வரை நான் அவள் முகத்தைப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேம்மா" என்றாள்.