நல்லதம்பி வீட்டுக் கஞ்சி

அற்புதமேரிக்கு வாய் சும்மா இருக்காது. செங்காங்கில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் வருடக்கணக்காக மீ கோரெங் நூடுல்ஸ் வறுத்துப் போட்டு, வரிசையில் முண்டுகிற பிள்ளைகளை அதட்டியே பழகிய குரல். அந்தக் குரல் தானாக அடங்குகிற இடம் சிங்கப்பூரிலேயே ஒன்றுதான். ஃபேரர் பார்க் பக்கத்தில் இருக்கும் நல்லதம்பி இல்லம். அதன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்கு ஒரு பணிவு வந்துவிடும்.

காரணம் அவள் அப்பா சூசைநாதன். ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவருக்கு ஆறு வயது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கால் வீங்கிக் கிடந்தபோது, நல்லதம்பி முதலாளி தன் வீட்டுப் பின்கூடத்தில் கஞ்சி ஊற்றினார். அந்தக் கஞ்சிதான் தன் உயிரைப் பிடித்து வைத்தது என்பார் அப்பா. முதலாளி பெயரில் இப்போது அங்கே ஒரு கலாசார அறக்கட்டளை நடக்கிறது. பரதநாட்டிய வகுப்பு, தமிழ் வகுப்பு, அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை கஞ்சி விழா. அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது மேரி. கூலி வாங்கமாட்டாள். நன்றிக்கு யாராவது கூலி வாங்குவார்களா?

அப்பா இன்னும் ஒரு படி மேலே போவார். விழா நாளன்று மாதா கோவிலில் நல்லதம்பியின் ஆன்மா இளைப்பாற ஒரு பூசை வைப்பார். முதலாளியோ நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். மோட்சத்தில் இடம் பிடித்துக் கொடுக்கிற விஷயத்தில் அப்பா மதம் பார்ப்பதில்லை. ஆனால் பெற்ற தகப்பனுக்கு அவர் ஒரு பூசையும் வைத்ததில்லை. மேரியின் தாத்தா அதே கஞ்சிக் காலத்தில்தான் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு, சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்விட்டாராம். பெண்டாட்டி பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா "அந்த ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த வருடம் விழாவுக்கு முன்னால் பின்கூடத்தின் கதவுகளைச் செப்பனிட ஆட்கள் வந்தார்கள். பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால், எல்லாக் கதவுகளிலும் வெளிப்பக்கத்தில் கனமான தாழ்ப்பாள் அடித்த தழும்பு. சாப்பாடு போடுகிற கூடத்துக்கு வெளியே எதற்கு அத்தனை பெரிய தாழ்ப்பாள்? யாருக்கும் புரியவில்லை. வீட்டின் வரலாற்றைக் கண்காட்சியாக வைக்க அறக்கட்டளை அமர்த்தியிருந்த கவிப்ரியாவுக்கு மட்டும் அது உறுத்தியது. அவள் ஊர் ஊராக விசாரித்து, மலேசியாவின் ஜொகூரில் ஒரு குடும்பத்திடமிருந்து ஒரு குரல் பதிவைக் கொண்டு வந்தாள்.

அன்றைக்கு மேரியைக் கூப்பிட்டது கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்பலுக்கு நெத்திலி எவ்வளவு வேண்டும் என்று பேசத்தான். கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் பரமசிவம் நல்லதம்பியின் பேரன். அவர் வாயைத் திறப்பதற்குள் கவிப்ரியா கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"சாரி அங்கிள், முதல்ல இதக் கேளுங்க. சயாம்லருந்து உயிரோட திரும்பி வந்தவர். இப்ப இல்ல. மகன் ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தாரு."

கிழட்டுக் குரல் ஒன்று நிதானமாகப் பேசியது. "நல்லதம்பி வீட்ல கஞ்சி ஊத்துறாங்கன்னு போனோம். பாதி குடிக்கல, கதவ வெளிய தாப்பா போட்டுட்டாங்க. சின்னப் பசங்கள முன்னாடியே வாசல்ல உக்கார வச்சிட்டாங்க. பின்னால லாரி நின்னுச்சு. ஜப்பான்காரன் ஆள் கேட்டான், முதலாளி புடிச்சுக் குடுத்தாரு. நான் திரும்பி வந்தப்ப எங்கம்மா அழுவுது. நீயா ஆசப்பட்டுப் போயிட்டேன்னு முதலாளி ஆளு வந்து சொல்லிட்டுப் போனானாம்."

மேரிக்குக் காது அடைத்துக்கொண்டது. தாத்தாவைப் பற்றி வீட்டில் சொல்லி வந்த கதையும் அதே கதைதான். எத்தனை வருடம், எத்தனை அண்டா! வாசனைக்குப் பாண்டான் இலை போடு, இஞ்சி தட்டிப் போடு என்று பார்த்துப் பார்த்துக் காய்ச்சினாளே! தாத்தாவைப் பிடித்த தூண்டில் புழுவுக்கு அவள் தேங்காய்ப்பால் ஊற்றி வந்திருக்கிறாள்.

கமிட்டியில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "விழா முடியட்டும்லா. அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்."

"முடியட்டுமா?" கேன்டீன் குரல் அந்த வீட்டில் முதல்முறையாக வெளியே வந்தது. "எங்க தாத்தாவ உள்ள வச்சுப் பூட்டிருக்காங்க. இன்னும் என்ன முடியணும்?"

பரமசிவத்தின் முகம் சாம்பல் பூத்திருந்தது. அந்த மனுசனுக்கும் இது புதிது என்று பார்த்தாலே தெரிந்தது. அவர்தான் முடிவைச் சொன்னார். "விழா கெடையாது. கதவுக்கு பெயின்ட் அடிக்காதீங்க, அந்தத் தழும்பு அப்படியே இருக்கட்டும். வர்றவங்ககிட்ட என்ன நடந்துச்சுன்னு நானே சொல்றேன்." பிறகு மேரியைப் பார்த்தார். "உங்கப்பாகிட்ட நான் வந்து சொல்லவா?"

"வேணாம் ஐயா. நான் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, ரயிலில் செங்காங் வருகிறவரைக்கும் அதே யோசனைதான். சொன்னால், அப்பா இத்தனை காலம் கும்பிட்ட மனிதர் போய்விடுவார். எண்பத்தெட்டு வயதில் அதைத் தாங்குவாரா? சொல்லாவிட்டால், ஒரு பாவமும் அறியாத தாத்தா கடைசிவரை "அந்த ஆளு"தான். பாழாய்ப்போன நல்லதம்பி, செத்தும் தன்னை இந்தப் பாடு படுத்துகிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

"பச்சரிசி சொல்லிட்டியா?" என்றார் அப்பா, அவள் கதவைத் திறந்ததும்.

மேரி அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?" அப்பாவுக்கு மூக்கு விடைத்தது. "சோறு போட்ட மனுசனப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசுறியா? பொய்யி!"

"பொய் இல்லப்பா. ஆம்பளைங்கள உள்ள வச்சுட்டு, சின்னப் பசங்கள மட்டும் வாசல்ல உக்கார வச்சாங்களாம்."

அப்பாவின் வாய் பாதியில் நின்றது. கண் எங்கேயோ போனது. மேரி அவர் கையைப் பிடித்தாள், சில்லென்று இருந்தது.

"ஆமா... வாசல்லதான் இருந்தேன்," என்றார். "எனக்கு ரெண்டாவது அகப்பையும் ஊத்துனாங்க மேரி. உள்ள கதவத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. கஞ்சி பத்தாமத்தான் சத்தம் போடுறாங்கன்னு நெனச்சேன். வெளிய வந்தா கையில இருந்த கஞ்சி மங்கப் புடுங்கிக்குவாங்களோன்னு, கதவுக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் குடிச்சேன்."