‘ஏறியாச்சு’ என்று என் காதில் விழுந்தது

நாள்தோறும் காதில் விழும் ஒரு சொல்லின் பொருளை நான் கேட்டறியாமல் இருந்து, அதனால் இன்னொருவர் உயிரை இழக்க நேர்ந்தால், ‘எனக்குத் தெரியாது’ என்பது ஒரு பதிலாகுமா? எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாபநாசத்துக்கு மேலே ஒரு கருங்கல் பள்ளத்தாக்கில், ஆற்றிலிருந்து இருநூற்றைம்பதடி உயரத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என்முன் வந்து நின்றது.

அப்போது நான் தூத்துக்குடியில், கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்தில் எழுத்தர். ஆத்தூர்ப் பக்கம் நெல்லும் வெற்றிலையும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். கல்லூரி நாட்களில் வடக்கே மலையேற்றப் பயிற்சி ஒன்றுக்குப் போய் வந்திருந்தேன். நைலான் கயிறு ஒன்று, பாறை விரிசலில் அடிக்கும் இரும்பு ஆணிகள் ஆறு, ஆணியில் கயிற்றை மாட்டும் கொக்கி வளையங்கள், இரண்டு சுத்தியல்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன். துறைமுகத்து இளைஞர்களுக்குப் பாறையேற்றம் கற்றுத்தர வேண்டும், அது அவர்களுக்குத் தன்னம்பிக்கை அளிக்கும் என்றொரு திட்டமும் இருந்தது. அவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு என்று எனக்கு யார் சொன்னார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்தத் திட்டத்துக்கு முதலில் இசைந்தவர் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தைச் சேர்ந்தவர், என் வயதுதான். கப்பலில் சரக்கறை வாயின் விளிம்பில் நின்று, கயிற்றால் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சுப் பொறியை ஓட்டும் விஞ்சுக்காரருக்குச் சைகை கொடுப்பது அவர் வேலை. விஞ்சை ஓட்டுபவருக்குக் கீழே இருக்கும் மூட்டையும் தெரியாது, ஆளும் தெரியாது. இவர் குரலும் கையுமே அவருக்குக் கண். நாற்பதடிப் பள்ளத்தின் ஓரத்தில் நாள் முழுவதும் நின்று பழகியவருக்குப் பாறை புதிதாக இராது என்று கணக்கிட்டேன். அவர் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. “அருவியில குளிக்கப் போறோம்” என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். அந்தப் பொய்யை நான் மறுக்கவில்லை.

பாறையின் அடியில் நின்று, பயிற்சியில் கற்ற ஆங்கிலக் குரல்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இதெல்லாம் என் வாயில நிக்காது வே. இழுன்னா இழும், விடுன்னா விடும். போதாதா?”

“விடுன்னு சொல்லாதீரும். நான் கயித்தையே விட்டுட்டா? ‘தளர்த்து’ன்னு சொல்லும்.”

“தளர்த்து! பள்ளிக்கூடத்து வாத்தியார் கெட்டார் போம். சரி, தளர்த்து.”

இடுப்பில் கயிற்றைக் கட்டும்போது என் முடிச்சைப் பார்த்து முகம் சுளித்தார். அவிழ்த்துத் தாமே ஒரு முறை கட்டிக் காட்டினார். வள்ளத்தைக் கரையில் கட்டும் முடிச்சு அது. என்னுடையதைவிட உறுதியாக இருந்தது.

மொத்தம் நான்கு கயிற்று நீளம் ஏற வேண்டியிருந்தது. நான் முதலில் ஏறி ஆங்காங்கே ஆணி அடித்துக் கயிற்றை மாட்டிச் செல்வேன். கால் வைக்க ஒரு திட்டு கிடைத்ததும் அங்கே என்னைக் கட்டிக்கொண்டு, கயிற்றை இடுப்பைச் சுற்றிப் பிடித்து, அவர் ஏற ஏற மேலே இழுத்துக்கொள்வேன். அவர் வரும் வழியில் ஆணிகளைத் தட்டிக் கழற்றி எடுத்து வருவார். முதல் இரண்டு நீளங்களையும் வெறுங்காலோடு என்னைவிட விரைவாக ஏறி வந்தார். “இதுக்குத்தான் வடக்க போய்ப் படிச்சீராக்கும்?” என்று கேலியும் செய்தார்.

மூன்றாவது வேறு வகை. ஒரு விரிசல் வழியாக நேரே ஏறி, தலைக்கு மேல் கூரைபோல் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் அடியில் ஓர் ஆணி அடித்து, அங்கிருந்து வலப்புறமாக இருபதடி குறுக்கே நகர்ந்து ஒரு மூலையைச் சுற்ற வேண்டும். மூலைக்கு அப்பால் திட்டில் அமர்ந்தபோது அவரை என்னால் காண முடியவில்லை. காற்று பாறையில் மோதிச் சுழன்றது. கீழே ஆற்றின் இரைச்சல். “வாரும்!” என்று கத்தினேன். கயிறு சிறிது சிறிதாகத் தளர்ந்தது; இழுத்துக்கொண்டேன். பிறகு அசைவு நின்றது. சுத்தியல் சத்தம் இரண்டு முறை கேட்டது.

அப்போது ஒரு குரல் வந்தது. அதன் நடுப்பகுதி மட்டும் காற்றைத் தாண்டி வந்து சேர்ந்தது: “…றியா…”

ஏறியாச்சு என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆணியைக் கழற்றிவிட்டுக் குறுக்கு வழிக்கு ஏறிவிட்டார் போலும். மூலையருகே அவர் வரும்போது கயிறு தொங்கிக் கிடந்தால் ஆபத்து. ஆகவே வேகமாக இழுத்தேன். கயிறு இறுகியது. மீண்டும் அதே குரல், முன்னிலும் உரக்க. கயிறு எங்கோ கல்லில் சிக்கியிருக்கிறது என்று நினைத்து, காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தேன்.

சுத்தியல் பாறையில் மோதி மோதி விழும் ஓசை கேட்டது. கடைசி ஓசை வர நெடுநேரம் ஆயிற்று. அதன் பின் வந்த குரலில் ஒரு சொல்லும் எனக்குத் தப்பவில்லை.

“ஏலே! நீ தொறமுகத்துலதான வேல பாக்க? ஆரியான்னா ஆரியாலே! கொல்லுதியா என்னை?”

ஆரியா. என் எழுத்து மேசையின் சன்னலுக்கு வெளியே காலை முதல் மாலைவரை கேட்கும் கூவல். விஞ்சுக்காரரே, கயிற்றை இறக்கும், தளர்த்தும் என்பது அதன் பொருள். இரண்டாண்டுகளாக அதை வெறும் இரைச்சல் என்று எண்ணிச் சன்னலைச் சாத்தியிருக்கிறேன். நான் கொடுத்த ‘தளர்த்து’ அவர் நினைவில் இருந்திருக்கலாம். உயிர் போகும் நேரத்தில் நாவில் வருவது சொந்தச் சொல்லே.

நிகழ்ந்ததைப் பின்னர் அவரே சொன்னார். கூரைக்கு அடியில் இருந்த ஆணியை அடிக்க இடம் போதவில்லை. கயிற்றை ஆணியிலிருந்து கழற்றிவிட்டு, ஓரடி கீழே இறங்கி நின்று அடிக்க நினைத்தார். இடது முஷ்டியை விரிசலுக்குள் திருகிச் செருகி அதன் பிடியில் நின்றபடி ஆரியா கேட்டார். நானோ அவரை வலப்புறமாக இழுத்தேன். கால்கள் பெயர்ந்தன. உடல் எடையும் என் இழுப்பும் சேர்ந்து அந்த ஒரு மணிக்கட்டில் நின்றன. கை பிடுங்கிக்கொண்டால் அவர் ஊசல்போல் வீசி வந்து மூலைப் பாறையில் மோதுவார்.

கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும் என்று என் கைகள் துடித்தன. விட்டால் அவர் கீழே சரிவார். எவ்வளவு சரிவார் என்பது எனக்குத் தெரியாது. “நீரே சொல்லும்!” என்று கத்தினேன். “நீரு சொல்லுத மாதிரி விடுதேன்!”

 குரல் வந்தது, கோபமெல்லாம் வடிந்து, கப்பலில் கேட்கும் அதே நீட்டலோடு.

“ஆரி…யா. ஆரி…யா. மெல்ல. ஆரி…யா.”

ஒவ்வொரு நீட்டலுக்கும் ஒரு சாண் அளவு கயிறு விட்டேன். நீட்டல் நின்றால் என் கையும் நின்றது. என் முதுகில் வியர்வை வழிந்தது. கயிறு உராய்ந்த இடம் சட்டைக்குள் எரிந்தது.

“போதும். கால் வச்சிட்டேன்.”

அவர் குறுக்கே கடந்து மூலையைச் சுற்றி வர நீண்ட நேரம் பிடித்தது. முதலில் தெரிந்தது வலது கை; இடது கையை மார்போடு அணைத்திருந்தார். மணிக்கட்டுத் தோல் உரிந்து, வீங்கத் தொடங்கியிருந்தது. திட்டில் அமர்ந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன்.

“சுத்தியல் போச்சு. ஆணியும் அங்கனயே நிக்கி,” என்றார். பிறகு சொன்னார்: “ரெண்டு வருசமா சன்னலோரம் இருக்கீரு. ஒருநா எட்டிப் பாத்து என்னன்னு கேக்கப்பிடாதா?”

கைக்குட்டையை எடுத்து அவர் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினேன்.

வந்த வழியே இறங்க ஒற்றைக் கையால் முடியாது. மேலே எஞ்சிய ஒரு நீளம் சற்று எளிது. அதன் உச்சியிலிருந்து காட்டுப் பாதை இருந்தது. புறப்படுமுன் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். “எறக்க ஆரியா. தூக்க ஆபிஸ். உம்ம ஆபீஸ் இல்ல, எங்க ஆபிஸ். எங்க, சொல்லும்.”

சொன்னேன். மீண்டும் சொல்லச் சொன்னார். மூன்று முறை சொன்ன பிறகே என்னை ஏறவிட்டார். நான் மேலே அமர்ந்து அவர் குரலுக்கு ஏற்ப இழுத்தும் நிறுத்தியும் கொடுக்க, ஒரு கையும் இரண்டு கால்களுமாக அவர் ஏறி வந்தார். ஒருமுறை கால் வழுக்கியது. கயிறு தாங்கியது. பிறகு விளிம்பில் அவர் தலை தெரிந்தது.

திரும்பும் பேருந்தில் அவர் சன்னலோரம் தூங்கினார். எலும்பு முறியவில்லை, நரம்புதான் இழுத்துக்கொண்டது என்றார் மருத்துவர். ஒன்றரை மாதம் நண்பர் சரக்கறை விளிம்பில் நின்று வலது கையால் மட்டும் சைகை கொடுத்தார். அவர் மனைவியிடம் நடந்ததை நான் நேரில் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் என்னை உட்காரச் சொல்லவில்லை, அது நியாயமே.

இளைஞர்களுக்கான என் திட்டத்தைக் கைவிட்டேன். நண்பர் மறுபடி பாறைக்கு வரவில்லை, நானும் அழைக்கவில்லை. பிற்காலத்தில் வேறு சிலரோடு ஏறியபோதெல்லாம், ஏறத் தொடங்கும் முன் அவரவர் சொற்களை அவர்களிடமிருந்தே கேட்டுக் கற்றுக்கொண்டு, அவற்றையே பயன்படுத்தினேன்.