நீர்நாய்க்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

என் மாமனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேநீர் ஆறியிருந்தாலே வீடு இரண்டாகிவிடும். மருமகன் என்றெல்லாம் பார்க்க மாட்டார். அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்வது அவர் வேலை. செத்த விலங்கை மேசைமேல் கிடத்தி, மூக்கிலிருந்து வால்வரை அளந்த பிறகுதான் மரத்தைத் தொடுவார்.

போன வாரம் மேலாளர் பட்டறைக்கே வந்து, நீர்நாய்க்கு ஒரு பெட்டி கேட்டார்.

"நீர்நாய் எங்க சார்?"

"ஆத்துலதான் இருக்கு. சட்டத்தைத் திருத்தப் போறாங்களே, கேள்விப்படலையா? இனிமே அதைக் கொன்னாத்தான் குத்தம். அது குடியிருக்கற கரையை வெட்டினா குத்தமில்லையாம். எப்படியும் நம்மகிட்டதான் வந்து சேரும். முன்கூட்டியே செஞ்சு வச்சிடுங்க."

மாமனாரின் கையில் இழைப்புளி அப்படியே நின்றது. சாப்பாடு கொண்டுபோயிருந்த நான், இன்று மேலாளர் தொலைந்தார் என்று கதவோரம் ஒதுங்கினேன். ஆனால் அவர் கத்தவில்லை. அளவு நாடாவை எடுத்து மேலாளரின் சட்டைப்பைக்குள் போட்டார்.

"நீங்களே போய் அளந்துட்டு வாங்க சார். அதைக் கொஞ்சம் அசையாம படுக்கச் சொல்லுங்க."