மாப்பிள்ளை செய்த டாக்ஸி

என் வீட்டுக்காரருக்குச் சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலை பாக்கு கிடையாது. சின்னச் சின்னக் கார் செய்து பெயிண்ட் அடிப்பார், அந்தப் பைத்தியம் ஒன்றுதான். பாரிமுனையில் குமாஸ்தா வேலை. மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, காபியை நின்றபடியே குடித்துவிட்டு, உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். உடம்புக்கு மரம், சக்கரத்துக்குப் பழைய ஹவாய் செருப்பு, பம்பருக்குத் தெருவில் பொறுக்கிய சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். தின்னர் நெடியில் என் சாம்பார் எனக்கே மணக்காது. செய்ததை யாரும் தொடக் கூடாது. தொட்டால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அம்மா போன பிறகு என் அப்பா எங்களோடு வந்துவிட்டார். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி ஓட்டியவர். கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக அம்பாசிடர், சொந்த வண்டி. கண்ணில் புரை விழுந்து, ஆபரேஷன் செய்தும் பார்வை பாதிதான் திரும்பியது. அதோடு ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு தீபாவளிக் கூட்டத்தில் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் மேல் ஏற்றப் பார்த்தார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அன்றைக்கே என் வீட்டுக்காரர் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். வாங்கினார் என்ன, பிடுங்கினார். கொஞ்ச நாளில் வண்டியையும் விற்றாயிற்று. அப்பா மாப்பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஒரே வீடு, ஒரே கூடம், மாதக்கணக்காக இந்தக் கூத்து. ரேடியோவைக் குறைக்கச் சொல்லு என்று அப்பா என்னிடம் சொல்வார். உங்கப்பா மாத்திரை போட்டாரா என்று இவர் என்னிடம் கேட்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பா சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, சரியாவது தப்பாவது என்று ஆத்திரமாக வரும். ராத்திரி இவர் முகத்தைப் பார்த்தால் இவர்மேலும் பாவமாக இருக்கும்.

வெயில் தணிந்த சமயம் இவர் ஒரு புதுக் கட்டையைச் செதுக்க ஆரம்பித்தார். மூக்கு உருண்டு வந்ததும் என்ன கார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் "சும்மா" என்பார். அப்பா போட்டுத் தீர்த்த மாத்திரை அட்டைகளை எடுத்து, அந்தக் கண்ணாடிக் குமிழை வெட்டி ஹெட்லைட்டாக ஒட்டினார். கதவோரம் துளியூண்டு மீட்டர்கூட வைத்தார். ஆயுத பூஜைக்கு முடித்துவிட வேண்டும் என்று அவசரம். அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் கறுப்பு பெயிண்ட் சாம்பல் பூத்துப் போயிற்று. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, பூஜைக்கு முந்தின நாள் மறுபடி அடித்தார்.

பூஜையன்று காலையில் சாமி படத்துக்கு முன்னால் என் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள், அரிவாள்மணை, இவருடைய உளி, பிரஷ் எல்லாம் வைத்தேன். அப்பா நாற்காலியைவிட்டு அசையவில்லை. வண்டியே இல்லாதவனுக்கு இன்னா பூஜை என்று முணுமுணுத்தார். இவர் உள்ளே போய்க் காரை எடுத்துவந்து, மணைமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

அப்பா எழுந்து வந்தார். தரையில் உட்கார்ந்து, கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்க் கூரையைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார். வாய் கோணியது, அழப்போகிறார் என்று நினைத்தேன். அழவில்லை. வருஷா வருஷம் செய்த பழக்கம், சந்தனக் கிண்ணத்தில் விரல்களை நனைத்து பானெட்டில் பட்டையாக இழுத்துவிட்டார்.

பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை. விரல் போன வழியெல்லாம் கறுப்பு வழித்துக்கொண்டு வந்தது, சந்தனம் அதிலேயே அப்பிக்கொண்டது. அப்பா தன் கறுப்பு விரல்களைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொலைந்தது, இன்றோடு எல்லாம் தொலைந்தது என்று நினைத்தேன்.

"டிக்கிலயும் வெச்சிடுங்க மாமா," என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மனுஷனை அன்றைக்குப் பிடித்ததுபோல் எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

அப்பா டிக்கியிலும் வைத்தார், குங்குமமும் இட்டார். சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தேன். அது சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்பா எழுந்து கொல்லைக்குப் போய், ஈரச் செடியைத் தடவித் தடவி மணத்தக்காளிப் பழம் பறித்துவந்தார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். கற்பூரம் காட்டினேன்.

இனி வண்டி பழத்தின்மேல் ஏறி நசுக்க வேண்டும். வழக்கமாக ஸ்டியரிங்கில் உட்காருவது அவர்தான். கூரைமேல் கையை வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

"நீயே எடு மாப்ள," என்றார். "பாத்து. லெஃப்ட்ல செவுரு கீது."