ஐந்து வேளை தண்ணீர் குடித்த கடதாசிப்பூ

நிந்தவூரிலிருந்து கல்முனைக்குடிக்கு பஸ்ஸில் இருபது நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் மாப்பிள்ளையாக வந்த அன்று, கடல் கடந்து போகிறவனைப் போல ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டுதான் நான் இந்த வீட்டுக்குள் காலடி வைத்தேன். எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்கு. வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில், கிணறு அவள் பெயரில், கிணற்றடி வாழையும் அவள் பெயரில். மாப்பிள்ளை வந்து அதில் இருப்பார். இதைப் பற்றி எந்த ஆணும் வெளியில் முறைப்பாடு செய்வதில்லை. பள்ளிவாசல் வாசலிலும் தேநீர்க் கடையிலும் "என்ட வீடு, என்ட மதில்" என்றுதான் கதைப்போம். பெண்கள் அதைக் கேட்டும் சிரிக்காமல் இருப்பது அவர்களுடைய பெருந்தன்மை.

இருபத்தெட்டு வருடம் அப்படி இருந்தேன். என் மனைவி நல்லவள். எதற்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டாள். சுவரில் ஒரு ஆணி அடிக்கப் போனால்கூட, "காக்காட்ட ஒரு சொல்லுக் கேட்டுப் பாப்பமே" என்பாள், அவ்வளவுதான். காக்கா என்பது அவளுடைய மூத்த சகோதரன், எனக்கு மச்சான். வயல் செய்கிற பெரிய போடியார். வயல் வட்டையில் நெல் தன் சொல்லுக்கு விளைவதால், உலகத்தில் மற்றதெல்லாமும் தன் சொல்லுக்கு விளையும் என்று நம்புகிறவர். ஆணி அடிக்க வேண்டிய இடத்தை அவர் வந்து விரலால் காட்டிவிட்டுப் போவார். நான் அடிப்பேன்.

அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற வருடம், மலைநாட்டிலிருந்து லொறியில் பூங்கன்று கொண்டுவந்து விற்கிறவர்களிடம் ஒரு கடதாசிப்பூக் கன்று வாங்கினேன். போகன்விலா என்று படித்தவர்கள் சொல்வது. கேற்றுக்கு வலது பக்கத்தில் நானே குழி தோண்டி நட்டேன். மச்சானிடம் கேட்கவில்லை, மனைவியிடமும் கேட்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்று எனக்குத் தேர்தலில் வென்ற மாதிரி ஒரு சந்தோஷம். அந்த மரம் கேற்றுக்கு மேலால் வளைந்து பூக்க வேண்டும். வீதியால் போகிறவன் சைக்கிளை நிறுத்தி, "இது ஆர்ட வேலை?" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக என்னைக் கைகாட்ட வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். அந்த வளவில் ஒரே ஒரு பொருளாவது என்னால் ஆனதாக இருக்க வேண்டும்.

கேற்றடியில் ஒரு பைப் இருந்தது. தொழப் போகுமுன் நான் கை, முகம், கால் கழுவி வுழு எடுப்பது அதில்தான். வுழு எடுத்த தண்ணீர் காலில் மிதிபட ஓடுவது எனக்குப் பிடிக்காது. ஆகவே பைப்படியிலிருந்து கன்றின் அடிவரைக்கும் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினேன். நெல்லுக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு வாய்க்கால் வெட்டுவதென்றால் கை தானாக ஓடும். சுபஹு, லுஹர், அசர், மஃரிப், இஷா என்று ஐந்து வேளையும் தவறாமல் தண்ணீர் போனது. அருளும் பரக்கத்தும் உள்ள தண்ணீர், இதைக் குடித்து ஒரு மரம் பூக்காமல் போகுமா என்று எனக்குள் பெருமை வேறு. ஊரில் வேறு யாருக்கும் தோன்றாத யோசனை என்று நினைத்துக்கொண்டேன். தோன்றாததற்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று நினைக்கவில்லை.

மரம் வளர்ந்தது. அதில் குறை சொல்ல முடியாது. முதல் வருடம் மதிலைத் தாண்டியது, இரண்டாம் வருடம் மின்கம்பியை எட்டிப் பார்த்தது. இலை, இலை, இலை. தெருவில் உள்ள ஆடுகள் எல்லாம் காலையிலேயே கேற்றடியில் வந்து ஹாஜர். முள்ளும் தாராளமாக வந்தது, மனைவியின் அபாயா இரண்டு தடவை கிழிந்தது. பூ மட்டும் இல்லை. வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"இது என்ன மரம்?"

"கடதாசிப்பூ."

"பூ எங்க?"

இந்தக் கேள்விக்கு நான் மூன்று வருடம் பதில் சொன்னேன். இன்னும் காலம் இருக்கிறது என்றேன், சாதி அப்படி என்றேன், கடல் காற்று என்றேன். எதிர் வீட்டு மதிலில் அதே மரம் அதே கடல் காற்றில் இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு கட்டாரில். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அதை நான் தினமும் ஐந்து வேளை, வுழு எடுத்தபடியே பார்த்தேன். பார்த்தும், அவர்கள் ஏதோ வெளிநாட்டுக் கன்று கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் வந்தேன். முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கோப்புகளைப் பார்த்த மூளை அது.

விஷயம் மச்சானின் காதுக்குப் போனது. வந்தார், இலையைக் கிள்ளிப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"பசி மச்சான். மரத்துக்குப் பசி. நான் யூரியா கொண்டு வாறன்."

கொண்டு வந்தார். வயலுக்கு வீசுவது போல வீசிவிட்டுப் போனார். ஆடுகள் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தன. மனைவி வேறு கணக்குப் போட்டாள். இவ்வளவு செழிப்பாக நிற்கிற மரம் பூக்கவில்லை என்றால் அது கண்ணூறு, வேறென்ன? ஓதிப் பார்க்கிற தன் சாச்சாவிடம் ஒரு போத்தல் தண்ணீர் ஓதி வாங்கிவந்து ஏழு நாள் காலையில் மரத்தடியில் ஊற்றினாள். எங்கள் வீட்டில் எந்த நோய்க்கும் வைத்தியம் கடைசியில் தண்ணீராகத்தான் வந்து சேரும்.

இதற்கிடையில் மகளுக்குக் கலியாணம் பேசினோம். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்து வீட்டைத்தான் பார்ப்பார்கள். பெண்ணைப் பார்க்க ஐந்து நிமிடம், வீட்டைப் பார்க்க முக்கால் மணித்தியாலம். கூரையைப் பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள், குளியலறைக் கதவை இரண்டு தரம் திறந்து மூடினார்கள். போகும்போது மாப்பிள்ளையின் தாயார் என் மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இத வெட்டினா கார், வான் எல்லாம் லேசா உள்ளுக்கு வரும்" என்றார்.

"வேணாம் உம்மா, நிக்கட்டும். நல்ல நிழல்தானே" என்றார் மாப்பிள்ளை.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அந்தச் சம்பந்தத்துக்கு மனம் வைத்தேன். அவருடைய படிப்பு, தொழில், மார்க்கப் பற்று எல்லாம் மற்றவர்கள் விசாரித்துக்கொண்டார்கள்.

மாரி வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு கலியாணம். வீடு மகள் பெயருக்கு எழுதப்பட்டது. நானும் மனைவியும் பின் வளவில் கட்டிய இரண்டு அறைக்குப் போனோம். பக்கத்து ஒழுங்கைப் பாதையால் தனி வாசல், தனிப் பைப். மனைவிக்கு இதில் ஒரு துக்கமும் இல்லை. அவளுக்குத் தாய் கொடுத்த வீடு, அவள் மகளுக்குக் கொடுத்தாள், முறை அதுதான். எனக்கு வலித்தது. இருபத்தெட்டு வருடம் இருந்த வீட்டுக்குள் இனி இருமிக்கொண்டுதான் போக வேண்டும். புதுச் சோடி இருக்கிற இடம். இரண்டு தடவை இருமிவிட்டுப் போனேன். மகள் மருந்து வாங்கித் தந்தாள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் மட்டும் போவதென்று வைத்துக்கொண்டேன். கூப்பிடவில்லை. அவர்கள் மீது குற்றம் இல்லை, கூப்பிடுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

வுழு இப்போது பின் பைப்பில். முன்னுக்கு நான் வெட்டிய வாய்க்கால் காய்ந்தது. மருமகன் குளிப்பதும் வுழு எடுப்பதும் உள்ளே குளியலறையில். கச்சான் காற்று தொடங்கி, மணல் சுட்டு, ஒரு மழையில்லை. மரம் வாடி இலை கொட்டுகிறது என்று மனைவி வந்து சொன்னாள். உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்ததை மறைக்க மாட்டேன். நான் இல்லாமல் அது எப்படி நிற்கும் பார்ப்போம் என்று இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீதியால் வருகிறேன், கேற்றுக்கு மேலே ஊதாச் சிவப்பில் ஒரு பந்தல். மூன்று வருடமாகப் பூக்காத பூவெல்லாம் ஒன்றாகப் பூத்திருந்தது. நான் கனவு கண்ட மாதிரியே ஒருவன் சைக்கிளை நிறுத்தி நின்றான். நான் கனவு கண்ட மாதிரியே கேட்டான்.

"இது ஆர்ட வேலை?"

கேற்றடியில் நின்ற மச்சான் திரும்பிப் பார்க்காமலே, "மருமகன்ட. காலடி வச்ச ராசி, மாஷா அல்லாஹ்!" என்றார்.

அந்தக் கிழமை முழுக்க அந்த ராசிதான் கதை. மருமகன் பூவுக்குக் கீழே நின்று படம் எடுத்து 'நம்மட வீட்டுப் பூ' என்று வாட்ஸ்அப்பில் போட்டார். அறுபது பேர் வாழ்த்தினார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இதை நட்டது யார் என்று கேட்டிருக்கலாம். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முந்தி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காரைதீவுக்குப் போனேன். வீதியோரத்தில் பூங்கன்று விற்கிற ஒரு தங்கச்சியிடம் முழுக்கதையும் சொன்னேன். அவள் சாடிக்கு மண் நிரப்பியபடியே கேட்டாள்.

"எத்தின தரம் தண்ணி விட்டீங்க ஐயா?"

"அஞ்சு தரம்."

"கிழமைக்கா?"

"ஒரு நாளைக்கு."

அவள் கை நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதையாகவே சொன்னாள்: "இது காஞ்சு கிடந்தாத்தான் ஐயா பூக்கும். தண்ணியும் யூரியாவும் குடுத்தா இலைதான் வரும். மணல் நிலம் எண்டபடியாத்தான் வேர் அழுகாம தப்பியிருக்கு. இனியாவது ஒண்டும் செய்யாதீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். மூன்று வருடம் அந்த மரத்துக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம், அதை விட்டுப் போனது. ஊர் முழுக்க மருமகனின் ராசி என்கிறது. ராசி இல்லை, நான் போனதுதான் காரணம் என்று போய் விளக்கவா முடியும்? விளக்கினால் சிரிப்பு இன்னும் கூடும்.

அடுத்த நாள் அசருக்குப் பிறகு மருமகன் பின் வளவுக்கு வந்தார். கலியாணம் முடிந்து அவர் தனியாக என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. நல்ல பிள்ளை. கைகட்டித்தான் நின்றார்.

"மாமா, நீங்க வச்ச மரம்தானே. இந்தப் பூ இப்பிடியே நிக்க என்ன செய்யணும்?"

நீங்கள் வைத்த மரம் என்று அவர் ஒருவர்தான் சொன்னார். அந்த இடத்திலேயே என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. காரைதீவுத் தங்கச்சியின் பதில் நாக்கு நுனியில் நின்றது. ஒன்றும் செய்யாதீர்கள் என்று சொன்னால், சரி மாமா என்று போவார். அதற்குப் பிறகு அவருக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

"தண்ணிதான் மருமகன்" என்றேன். "நல்லா விடணும். நான் அஞ்சு நேரமும் வுழுத் தண்ணிய அதுக்குத்தான் விட்டன்."

அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். மருமகன் அன்று மஃரிபிலிருந்தே கேற்றடிப் பைப்புக்கு வந்துவிட்டார். வாய்க்காலைச் சுத்தமாக்கி, ஐந்து வேளையும் அங்கேதான் வுழு. அதற்கும் தெருவில் அவருக்குத்தான் நல்ல பெயர். "என்ன ஈமான் உள்ள புள்ள!" என்றார்கள். மச்சான் மறுபடி யூரியாவோடு வந்தார். நான் ஒழுங்கை முனையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன், மனம் குத்தியது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கிழமை பூ உதிரத் தொடங்கியது. பச்சை இலை பழையபடி கிளம்பியது. ஆடுகளும் வந்துவிட்டன. நேற்றுப் பின்னேரம் மகள் பின் கதவடியில் வந்து நின்றாள்.

"வாப்பா, ஒருக்கா முன்னுக்கு வாங்களன். பூவெல்லாம் கொட்டுது. இவருக்கு ஒண்டும் விளங்குதில்ல. உங்களுக்குத்தானே இது தெரியும்."

நான் சேட் ஒன்றை எடுத்துப் போட்டேன். பெற்ற மகள் வீட்டுக்குப் போக என்னத்துக்குச் சேட் என்று மனைவி கேட்டாள். பொத்தானைப் பூட்டிக்கொண்டே நடந்தேன்.

முன் வாசலில் எனக்குக் கதிரை போட்டிருந்தார்கள். தேநீர் வந்தது, மஸ்கட் இனிப்பு ஒரு துண்டும் வந்தது. மகள் பக்கத்தில் நின்றாள். மருமகன் கதிரையில் இருக்காமல் நின்றார். எழுந்து போய் மரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தேன், மண் சொதசொதவென்று இருந்தது. ஒரே ஒரு சொல் போதும். மகளின் முகத்தில் கவலை, உண்மையான கவலை. வாப்பா சொன்னால் சரியாகிவிடும் என்ற பார்வை அது. கலியாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

"இன்னும் கொஞ்சம் கூட ஊத்திப் பாக்கவா மாமா?" என்று மருமகன் கேட்டார்.

நான் கதிரையில் வந்து இருந்து, தேநீரை முழுக்கக் குடித்து முடித்தேன்.

"ஊத்துங்க மருமகன்" என்றேன். "நாளைக்கும் வந்து பாக்கிறன்."